பத்துப் பேர் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மயூர் விஹாரில் நீல வழித்தட மெட்ரோ ஏறி, மண்டி ஹவுஸில் மாறி, கான் மார்க்கெட்டில் இறங்கினால் ஹுமாயூன் சாலை பக்கம்தான். 1956இல் எழுந்த யூதா ஹயாம் ஜெபாலயம் அங்கே இருக்கிறது. தில்லியில் யூதக் குடும்பங்கள் சொற்பம். கூட்டு வழிபாட்டுக்கோ பத்துப் பேர் வேண்டும். பழைய விதிப்படி பத்தும் ஆண்கள். பல்லாண்டுகள் இங்கே வழிபாட்டை நடத்திவந்த எசேக்கியேல் ஐசக் மலேகர் பெண்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பத்து, மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் விதியாக எங்குமில்லை. எண்ணாகமத்தில், கானானை வேவு பார்க்க மோசே பன்னிரண்டு பேரை அனுப்புகிறார். யோசுவா, காலேப் தவிர மற்றவர்கள் திரும்பிவந்து ஜனங்களைக் கலங்கடிக்கிறார்கள். அவர்களைப் பொல்லாத 'சபை' என்று கடவுள் கடிந்துகொள்கிறார். பன்னிரண்டில் இரண்டு போகப் பத்து. ஆகவே வேறிடத்தில் வரும் 'சபை'யும் பத்துப் பேர்தான் என்கிறது பழைய ரபிகளின் (யூத அறிஞர்களின்) விவாதத் தொகுப்பான தல்மூத். வழிபாட்டுக்கு அளவுகோல் தந்தது பொல்லாத கூட்டம், பாருங்கள்! ஒரே சொல் வரும் இரண்டு இடங்களை முடிச்சுப்போடும் இம்முறை, பழைய யூத அறிஞர் ஹில்லேலின் ஏழு விளக்க விதிகளில் ஒன்று.

ரபி இஸ்மவேல் பெயரில் விதிகள் பதின்மூன்றாயின. தோரா மனிதர் பேசுவதுபோலத்தான் பேசுகிறது, இரட்டித்து வரும் சொல்லுக்கெல்லாம் தனிப்பொருள் தேட வேண்டாம் என்பது அவர் பள்ளி. ரபி அகிபாவின் பள்ளிக்கோ மிகையென்று ஒன்றுமே இல்லை. இடைச்சொல்லிலும் சட்டம் உண்டு. குறளுக்குப் பரிமேலழகர் உரையையும் திருவாய்மொழிக்கு ஈட்டையும் புரட்டியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல.

பொருளில் இத்தனை தாராளம் காட்டுபவர்கள் எழுத்தில் படுகறார். வழிபாட்டில் வாசிக்கும் சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, இசைக்குறியும் கிடையாது. வாசிப்பவர் இரண்டையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து சிதைந்தாலும், திருத்தும்வரை அந்தச் சுருள் ஆகாது.

தோரா உரைகளில் தலையாயது பிரான்சின் த்ரோயே ஊர் ராஷியுடையது (1040–1105). நேர்ப்பொருளோடு பழங்கதையும் கலந்து சொல்வார். மகள்வயிற்றுப் பேரன் ரஷ்பாம் நேர்ப்பொருளை விட்டு நகரமாட்டார். அவகாசம் இருந்தால் வேறு உரை எழுத வேண்டியதுதான் என்று தாத்தாவே தம்மிடம் ஒப்புக்கொண்டதாகத் தம் உரையில் பதிந்துவிட்டார். அச்சாளர் பொம்பெர்க் 1524–25இல் வெனிஸில் அச்சிட்ட பதிப்பில் மூலமும் அராமேய மொழிபெயர்ப்பும் ராஷியின் உரையும் இப்ன் எஸ்ராவின் உரையும் ஒரே பக்கத்தில். யாரும் யாரையும் வெளியேற்றவில்லை.

 

தமிழில் கதை வேறு. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கி 1719இல் காலமானார். ஷுல்ட்சே முடித்தார், ஃபப்ரீசியஸ் புதுக்கினார். மூலம் வந்தது, சுற்றியிருந்த உரைகள் கூட வரவில்லை. எனக்கு இது பெரிய குறை. உதாரணத்துக்கு, ராஷியின் ஆதியாகம உரை தொடக்கத்திலேயே பழைய ரபி ஒருவரின் கேள்வியைப் போடுகிறது: இது சட்டநூல்தானே, யாத்திராகமம் 12ஆம் அதிகாரக் கட்டளையிலிருந்து தொடங்கியிருக்கலாமே, உலகம் உண்டான கதை எதற்கு?