துளியைத் தட்டும் ஒளி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரையொட்டிய டிட்சிங்கனில் இருக்கிறது டிரம்ஃப் நிறுவனம். 1923-இல் இயந்திரப் பட்டறையாகப் பிறந்தது. இன்று அது செய்யும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் கைப்பக்குவம்!

நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் சில்லு அச்சிடும் இயந்திரத்துக்குள், உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 பாய்கின்றன. ஒவ்வொரு துளியும் தலைமயிரின் தடிமனைவிடச் சிறியது. டிரம்ஃப் லேசரின் முதல் துடிப்பு அதை மெல்லத் தட்டித் தோசையாய்ப் பரப்புகிறது. இரண்டாவது பலத்த அடி, தோசை பிளாஸ்மாவாகிறது. அதிலிருந்து கிளம்பும் 13.5 நானோமீட்டர் புறஊதா ஒளிதான் சிலிக்கானில் நுண்கோடு இழைக்கிறது.

மாவு பரப்பும் கைக்குத் தெரியும்: முதலில் பதம், பிறகுதான் சூடு. இந்த ஒளிக்கும் அது தெரிந்திருக்கிறது.