பூட் ஆகும் நகல்: ஒரு பழைய அறிவுரையை உரசிப் பார்த்தல்

மேக் கணினியைத் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவப் போகிறீர்களா? இன்றும் முதலில் காதில் விழுவது, "வெளி டிஸ்க்கில் பூட் ஆகுற மாதிரி ஒரு நகல் எடுத்துடுங்க" என்பதுதான். இந்த அறிவுரை இப்போது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்?

அதன் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். மைக் பாம்பிச்சின் கார்பன் காப்பி குளோனர் 2002-இல் வந்தது. பின்னர் சூப்பர்டூப்பர் வந்தது. டிஸ்க்கை முழுசாக நகலெடுத்து, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு கணினியைத் தொடங்கினால், வெளி டிஸ்க்கிலிருந்தே உங்கள் மேக் அப்படியே எழுந்து நிற்கும். இதில் வசதியைவிடப் பெரிய விஷயம், சோதனை. சட்டியில் என்ன இருக்கிறது என்று அப்போதே அகப்பையை விட்டுப் பார்த்துவிடலாம். 2007-இல் வந்த டைம் மெஷின் கோப்புகளின் பழைய பதிப்புகளை அருமையாகக் காக்கும். ஆனால் மொத்தமும் திரும்பி வருமா என்பது, மீட்டெடுக்கும் நாளில்தான் தெரியும்.

2019-இல் கேட்டலினா, இயங்குதளத்தையும் நம் தரவையும் இரண்டு வால்யூம்களாகப் பிரித்தது. 2020-இல் பிக் சர், இயங்குதள வால்யூமுக்கு முத்திரை வைத்தது. ஒவ்வொரு கோப்பின் ஹேஷும் சேர்ந்து கடைசியில் ஒரே கையொப்பத்தில் முடிகிறது. சாதாரண நகலெடுப்பால் அந்த முத்திரையை உருவாக்க முடியாது, ஆப்பிளின் சொந்தக் கருவியால்தான் முடியும். கார்பன் காப்பி குளோனரே இந்த வசதியைப் 'பழைய முறை' என்று ஓரம்கட்டிவிட்டது. ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் இன்னொரு முடிச்சு: வெளி டிஸ்க்கிலிருந்து தொடங்குவதற்கும் உள் சேமிப்பகம் உயிரோடு இருக்க வேண்டும். அது செத்தால் எந்த நகலும் எழாது.

"அதனால் என்ன? முத்திரையிட்ட பகுதியில் உங்களுடையது எதுவுமே இல்லையே, எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமே" என்பது ஆப்பிள் பக்கத்து வாதம். பாதி சரி. தீநிரல் இயங்குதளத்தைத் தொட முடியாமல் செய்தது உண்மையான லாபம். ஆனால் சாமானியப் பயனரிடம் இருந்த ஒரே நேர்மையான சோதனை போய்விட்டது, அதற்கு ஈடாக ஒன்றும் தரப்படவில்லை. பிழைபார்க்க முடியாத காப்பு என்பது நம்பிக்கை மட்டுமே. அதைப் பொறியியல் என்று சொல்ல மாட்டேன்.

வழிகாட்டி எழுதுகிறவர்கள் மீதும் குறை உண்டு. 'பூட் ஆகணும்' என்பதையே பிடித்துக்கொண்டு, அதைவிட முக்கியமானவற்றை விட்டுவிடுகிறார்கள். ஐகிளவுடில் 'சேமிப்பை மேம்படுத்து' இயங்கிக்கொண்டிருந்தால், பல கோப்புகள் உங்கள் டிஸ்க்கில் பெயரளவுக்குத்தான் இருக்கும். நகலிலும் அப்படியேதான். முதலில் அவற்றை இறக்கிக்கொள்ள வேண்டும். ஃபைல்வால்ட் மீட்புச் சாவியை அதே கணினியில் சேமித்து வைத்தால் பயனில்லை, தாளில் எழுதுங்கள். 32-பிட் மென்பொருள் தேவைப்படுபவர்கள் மொஹாவிக்கு மேலே போனால் அவை ஓடாது. மொஹாவியில் இயங்கும் இன்டெல் மேக் வைத்திருப்பவர்களுக்குப் பூட் ஆகும் நகல் இன்றும் பொன்தான்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை: தரவை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகலெடுங்கள். நிறுவியை ஒரு பென்டிரைவில் தயாராக வையுங்கள். பிறகு ஒரு டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய புகைப்படம் ஒன்று, கணக்குத்தாள் ஒன்று, சென்ற வாரம் எழுதியது ஒன்று என்று கையால் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. அது முடியாமல் 'அழி' பொத்தானில் கை வைக்க வேண்டாம்.