பல்லில் பறி, சேற்றில் விரல்

எண்ணூருக்குப் போகிறவர்கள் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு அது குனிந்து பார்க்கவேண்டிய ஊர். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், தண்ணீர் வற்றும் நேரத்தில், இருளர் பெண்கள் குந்தி நகர்ந்தபடி கையாலேயே இறால் தடவுகிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள்.

கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை, விரல்நுனிதான் பார்க்கிறது. சேறு எங்கே மெத்தென்றிருக்கும், எங்கே கிளிஞ்சல் கிழிக்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. சட்டென்று ஒரு துடிப்பு, உள்ளங்கை மூடுகிறது. ஓலைக்குள் இறால் துள்ளும் சத்தம், தூறல் விழத் தொடங்கியதுபோல, தாடையோரம் படபடக்கிறது. வாய் திறக்க வழியில்லை. பக்கத்து அக்காவை நகரச் சொல்வதும் புருவத்தால்தான்.