கதையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

2017 பிப்ரவரி. சோழிங்கநல்லூர் ஆபீஸ் கேண்டீனில் இருந்தபோது திண்டுக்கல்லிலிருந்து அக்கா கூப்பிட்டாள். ஸ்கூலில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப்போகிறார்கள், பையனுக்குப் போடலாமா வேண்டாமா என்று கேட்டாள். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயது வரை எல்லோருக்கும் போட அரசு முகாம் நடத்திய சமயம் அது. ஊசியைப் பற்றிப் பயமுறுத்தும் வாட்ஸ்அப் ஆடியோக்கள் அவளுக்கு முன்னாலேயே என் போனுக்கு வந்து சேர்ந்திருந்தன. பேசியவர் யாரென்று ஒன்றிலும் இல்லை. "நீ படிச்சவன்தானடா, நெட்டுல பாத்துச் சொல்லேன்" என்றாள்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். தடுப்பூசி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியில் எட்வர்ட் ஜென்னர் பற்றி எழுதிய இரண்டு மார்க் பதில்தான். ஆனாலும் "தெரியலக்கா" என்று சொல்ல வாய் வரவில்லை. அரைமணி நேரம் கூகுளில் தேடிவிட்டு, "இப்போதைக்கு வேணாம்க்கா, கொஞ்ச நாள் பாப்போம்" என்றேன். ஊசி போட்ட அன்று அவள் பையனை ஸ்கூலுக்கே அனுப்பவில்லை.

பிரபலங்கள் பெற்றோருக்கு மருத்துவ ஆலோசனை சொல்லலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இந்த போன் கால்தான் ஞாபகம் வரும். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு நான்தான் பிரபலம். சென்னையில் ஐடி வேலை, கையில் லேப்டாப். ஊசியைப் பற்றிக் கருத்து சொல்ல அந்தத் தகுதி போதும் என்று அக்கா நினைத்தாள். நானும் நினைத்தேன்.

இந்தக் கேள்வியை நான் இரண்டு எழுத்துகளை வைத்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்று, எழுத்தாளர் ரோல்ட் டால் 1986இல் பெற்றோருக்கு எழுதிய கடிதம். இன்னொன்று, அமெரிக்க நடிகை ஜென்னி மெக்கார்த்தி 2007இல் வெளியிட்ட 'லவுடர் தேன் வேர்ட்ஸ்' என்ற புத்தகம். இரண்டு பேரும் பிரபலங்கள். இரண்டு பேரும் மருத்துவம் படிக்காதவர்கள். இரண்டு பேரும் பேசியது தன் சொந்தக் குழந்தையைப் பற்றி, நம்பச் சொன்னது முன்பின் தெரியாத பெற்றோரை.

*

டாலின் மூத்த மகள் ஒலிவியா 1962 நவம்பரில் இறந்தாள். வயது ஏழு. தட்டம்மையின் பின்விளைவாக வந்த மூளை அழற்சி. அப்போது தட்டம்மைக்குத் தடுப்பூசி கிடையாது. அமெரிக்காவில் அதற்கு அடுத்த வருடம்தான் அனுமதி கிடைத்தது, பிரிட்டனில் 1968இல்தான் பரவலாகப் போட ஆரம்பித்தார்கள். இருபத்து நான்கு வருடங்கள் கழித்து, பெற்றோர் அலட்சியமாக இருப்பதைப் பார்த்து அவர் அந்தச் சிறிய கடிதத்தை எழுதினார்.

அதில் ஒரே ஒரு காட்சிதான் இருக்கிறது. குழந்தைக்கு உடம்பு தேறி வருகிறது, படுக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா கலர்க் கம்பிகளை வளைத்து மிருகங்கள் செய்யக் கற்றுக்கொடுக்கிறார். அவள் செய்ய முயலும்போது விரல் மனசு சொல்வதைக் கேட்கவில்லை என்பதை அவர் கவனிக்கிறார். தூக்கம் வருகிறது என்கிறாள். ஒரு மணி நேரத்தில் நினைவு போகிறது, பன்னிரண்டு மணி நேரத்தில் உயிர் போகிறது. அவ்வளவுதான். அடுத்த பத்தியில் மனிதர் கணக்குக்குப் போய்விடுகிறார். நோயால் சாகும் வாய்ப்பு எவ்வளவு, ஊசியால் கெடுதல் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்.

கடிதத்தில் எனக்குப் பிடிக்காத விஷயமும் உண்டு. ஊசி போடாமல் விடுவதைக் கிட்டத்தட்ட குற்றம் என்றே சொல்கிறார். ஊசி போடாத குழந்தைகள் அப்பா அம்மாவிடம் கெஞ்சிக் கேட்கட்டும் என்கிறார். குழந்தைகளுக்கு எழுதிச் சம்பாதித்த புகழை வைத்து அவர்களைப் பெற்றோர் மேலேயே ஏவிவிடுகிற வேலை இது. 'தி பிஎஃப்ஜி' அவளுடைய நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட புத்தகம் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. உணர்ச்சியைப் பிழிகிறார், சந்தேகமே இல்லை.

*

இப்போது ஜென்னி மெக்கார்த்தி. அவர் மகனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வருகிறது. அதன்பின் ஆட்டிசம் என்று சொல்கிறார்கள். வலிப்பு வரும் பக்கங்களைக் கேலி செய்ய யாருக்கும் மனசு வராது. டாக்டர்கள் அவசரமாகப் பேசிவிட்டுப் போவதும், ராத்திரி முழுக்க ஒரு தாய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதும் அப்பட்டமான உண்மை. நம்மூர் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுக் காத்திருந்து, உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்த எந்தப் பெற்றோருக்கும் இது புரியும். டாக்டர் இரண்டு நிமிடம் தந்த இடத்தில் இந்த நடிகை ஒரு முழுப் புத்தகம் தருகிறார். இவரை ஏன் நம்பினார்கள் என்று கேட்பவர்கள் அந்த இரண்டு நிமிடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புத்தகத்தின் வடிவம் நமக்கு நன்றாகத் தெரிந்த சினிமாக் கதை. ஆதரவில்லாத நாயகி, காது கொடுக்காத டாக்டர்கள், உள்ளுணர்வு, தேடல், கோதுமையும் பாலும் விலக்கிய உணவுமுறை, கடைசியில் மீட்பு. இந்த வடிவத்தில் ஒரு வில்லன் இருந்தே ஆக வேண்டும். 2007 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் அந்த வில்லன் தெளிவாகத் தெரிந்தது: எம்எம்ஆர் தடுப்பூசி. ஊசி பற்றிய மருத்துவத் துறையின் விளக்கத்தை வாசித்துக் காட்டியபோது, வீட்டில் இருக்கும் என் மகன்தான் எனக்கு அறிவியல் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

தடுப்பூசிக்கே நான் எதிரி இல்லை, பாதுகாப்பான ஊசிதான் கேட்கிறேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொன்னதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஊற்றாக இருந்த ஆய்வு அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் 1998இல் 'தி லான்செட்' இதழில் வெளியிட்ட அந்தக் கட்டுரை பன்னிரண்டே குழந்தைகளைப் பற்றியது. 2004இல் அதை எழுதிய 13 பேரில் 10 பேர், அதிலிருந்து எடுத்த முடிவை விலக்கிக்கொண்டார்கள். 2010இல் லான்செட் கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று சொன்னது.

*

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்போம். ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள். அமெரிக்காவில் எம்எம்ஆர் முதல் டோஸ் போடுவது 12 முதல் 15 மாதத்தில். இத்தனை லட்சம் பனைமரங்களில் இத்தனை லட்சம் காக்கைகள் உட்கார்ந்தால் சில பழங்கள் அந்த நொடியில் விழத்தான் செய்யும். தலையில் பழம் விழுந்தவருக்குக் காக்கைதான் தெரியும். அது அவர் தப்பு இல்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வாடிக்கையாளர் "நேத்து அப்டேட் பண்ணேன், இன்னிக்கு ஆப் ஓடல" என்றால் அது ஒரு புகார். அவர் பொய் சொல்லவில்லை, அதை மதித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அப்டேட்தான் காரணமா என்பது தனி வேலை. அந்த அப்டேட்டைப் போட்ட மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று, போடாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பெற்றோரின் அனுபவம் மிக முக்கியமான புகார். ஜென்னி புகாரையும் தீர்ப்பையும் ஒரே மூச்சில் சொன்னார், அதுவும் கோடிப் பேர் பார்க்கும் மேடையில்.

நம் ஊரிலும் இதே காக்கை உட்கார்ந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 17ஆம் தேதி இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். ஒன்றிய அரசின் குழுவும் பின்னர் ஆராய்ந்து, அது தற்செயல் என்றது. ஆனால் அந்த வாரம் எத்தனை வீடுகளில் "விவேக்குக்கே இப்படி ஆச்சே" என்ற பேச்சு ஓடியது என்று நமக்குத் தெரியும். அவர் சொன்னது சரியான விஷயம், போனது சரியான இடம். இருந்தும் அவர் உடம்பையே சான்றாக எடுத்துக்கொண்டவர்கள், அந்த உடம்பு சாய்ந்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

*

அப்படியென்றால் பிரபலங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா? அதுவும் வேலைக்கு ஆகாது. பிரிட்டனில் எம்எம்ஆர் பீதி உச்சத்தில் இருந்த 2001 டிசம்பரில், பிரதமர் டோனி பிளேரிடம் உங்கள் கைக்குழந்தைக்கு ஊசி போட்டீர்களா என்று கேட்டார்கள். குடும்ப விஷயம் என்று சொல்லிப் பதிலளிக்க மறுத்தார். அது அவர் உரிமைதான். ஆனால் அவர் அரசுதான் அந்த ஊசியைப் போடச் சொல்லிக்கொண்டிருந்தது. போடவில்லை போலிருக்கிறது என்று ஊர் பேசியது. போட்டதாகப் பின்னாளில் அவர் மனைவி எழுதினார். அதற்குள் அந்த மௌனம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. புகழ் வந்தபிறகு பேசாமல் இருப்பதும் ஒரு ஆலோசனையாகத்தான் கேட்கப்படுகிறது.

நல்ல மனிதர்கள் மட்டும் பேசட்டும் என்றும் சொல்ல முடியாது. டால் யூதர்களைப் பற்றிச் சொன்ன வெறுப்பான பேச்சுக்கு 2020இல் அவர் குடும்பமே மன்னிப்புக் கேட்டது. இருந்தும் தட்டம்மை பற்றி அவர் சொன்னது சரி. ஜென்னி பாசமான அம்மா, அதை யாரும் மறுக்கவில்லை. இருந்தும் ஊசி பற்றி அவர் சொன்னது தப்பு.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். சொந்தக் கதையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

டாலின் கடிதத்திலிருந்து ஒலிவியாவை எடுத்துவிடுங்கள். கடிதத்தின் உயிர் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் ஆலோசனை அப்படியே நிற்கும். தட்டம்மை ஆபத்தானது, ஊசி இருக்கிறது, இரண்டின் ஆபத்தையும் எடைபோட்டால் ஊசிப் பக்கம்தான் தட்டு சாயும். அவர் மகளைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டாலும் இது உண்மைதான். ஜென்னியின் வாதத்திலிருந்து மகனை எடுத்துவிட்டால் ஊசியைக் குற்றம் சொல்ல ஒன்றுமே மிஞ்சாது. டாலுக்குக் கதை ஒரு கதவு. திறந்து உள்ளே போனால் நமக்கும் சரிபார்க்க முடிகிற விஷயம் இருக்கிறது. ஜென்னியிடம் கதவுக்குப் பின்னால் சுவர்.

பெற்றோரின் பிடிவாதத்தை நான் குறைத்துப் பேசவில்லை. டாலின் வாழ்க்கையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1960இல் நியூயார்க்கில் அவர் கைக்குழந்தையின் தள்ளுவண்டியில் டாக்ஸி மோதியது. குழந்தையின் மூளைக்குள் நீர் சேர்ந்தது, அதை வடிக்கப் பொருத்திய வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. டால் சும்மா இருக்கவில்லை. விமான பொம்மைகளுக்குக் குட்டிப் பம்புகள் செய்யும் ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும், கென்னத் டில் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரையும் சேர்த்துப் புது வால்வு ஒன்றை உருவாக்கினார். அது தயாரானபோது அவர் மகனுக்குத் தேவைப்படவில்லை. மற்றக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. அதைப் பற்றி டில் 1964இல் எழுதிய கட்டுரை வெளியானதும் அதே லான்செட்டில்தான். பெற்றோரின் உள்ளுணர்வு, "இது சரியா வராது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய இரண்டு பேர் கையைத் தாண்டி வந்தால் இப்படி ஆகும். ஜென்னியின் உள்ளுணர்வு தாண்டி வந்தது கைதட்டலை மட்டும்.

*

அக்கா பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகாமை நீட்டித்தபோது அவளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த நர்ஸம்மா, முன்னால் ஊசி போட்டபோது ஏதாவது ஆச்சா, இப்போது காய்ச்சல் இருக்கா, வேறு மாத்திரை சாப்பிடுறானா என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். "ராத்திரி காய்ச்சல் வந்தா கூப்பிடும்மா" என்று போன் நம்பரும் கொடுத்தாராம். நான் அந்தப் பையனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் அக்கா என்னிடம் வந்து கணக்குக் கேட்டிருக்கவும் மாட்டாள். ஓசியில் ஆலோசனை சொல்பவனுக்கு இருக்கும் வசதி அது. மேடை பெரிதாகப் பெரிதாக அந்த வசதியும் பெரிதாகிறது.

ஒன்றும் ஆகவில்லை என்பது ரொம்ப நாள் எனக்கு ஆறுதலாக இருந்தது. டெஸ்ட் பண்ணாமல் வெளியிட்ட கோட் அன்றைக்குக் கிராஷ் ஆகவில்லை என்ற மாதிரியான ஆறுதல்.

போன மாதம் மச்சினி கூப்பிட்டாள். குழந்தைக்குச் சளி, ஒரு சீரியல் நடிகை இன்ஸ்டாகிராமில் ஒரு கஷாயம் சொல்லியிருக்கிறார், கொடுக்கலாமா மாமா என்றாள். எனக்குத் தெரியாதும்மா, குழந்தையை டாக்டரிடம் காட்டிக் கேள் என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

"நீங்க இன்ஜினியர்தானே மாமா?"

"ஆமா, அதனாலதான்" என்றேன்.