மூன்று வருட அனுபவத்தை எங்கே வாங்குவது?

ஐ.சி.எம்.ஆர். ஆய்வுத் திட்டங்களுக்கான வேலை அறிவிப்புகளைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். அடிக்கடி கண்ணில் படும் பதவி ‘புராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட் – 3’. மாதம் 28,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தகுதி: மூன்றாண்டு பட்டத்தோடு மூன்று வருட அனுபவம்; இல்லையென்றால் முதுகலைப் பட்டம்.

இந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. திருக்கோவிலூர்ப் பக்கம் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்த பெண்ணுக்கு அந்த மூன்று வருடத்தை யார் தருவார்? ஊரில் இருப்பது ரத்தமும் சர்க்கரையும் பார்க்கிற லேப். அங்கேயும் டி.எம்.எல்.டி. படிச்சிருக்கியான்னுதான் கேட்பாங்க. சரி, எம்.எஸ்சி. சேரலாம் என்றால் இன்னும் ரெண்டு வருஷம் ஃபீஸ், ஹாஸ்டல்.

அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2020 சம்பளப் பட்டியல் தேவலை. புராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலைக்கு பி.எஸ்சி. போதும், 20,000 ரூபாய். ஆனால் அறிவிப்பு எழுதுகிறவர் ‘விரும்பத்தக்கது’ என்று பி.சி.ஆர்., செல் கல்ச்சர் எனச் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. அது இருப்பவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், இல்லாதவரை யார் கூப்பிடுவார்?

அமெரிக்காவில் என்.ஐ.எச்., பட்டம் முடித்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களை ஓரிரு வருடம் உதவித்தொகை கொடுத்து ஆய்வகத்தில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயரே பயிற்சி. அனுபவத்தைக் கேட்பதில்லை, கொடுக்கிறது. இங்கே ஒப்பந்தப் பணியாள். புராஜெக்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகணும்.

பி.எஸ்சி. படித்தவருக்கு ஆய்வகத்தில் என்ன தெரியும் என்பார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் புகழ்பெற்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 193 நோயாளிகள், பாதிப்பேருக்கு வீட்டில், பாதிப்பேருக்குச் சானடோரியத்தில் மருந்து. வீட்டுச் சிகிச்சையும் ஈடாக நிற்கும் என்று 1959இல் காட்டினார்கள். அதன் பின்னால் இருந்தது மாதாமாதம் சளிப் பரிசோதனை, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவது, மருந்து சாப்பிட்டாரா என்று சிறுநீரில் பார்ப்பது. மேதைமை வேண்டாம், பிசகாத கவனம் வேண்டும். அதைச் சில மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு வரி: காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழோடு நேரில் வரவும், பயணப்படி இல்லை. திருக்கோவிலூரிலிருந்து சென்னைக்கு என்றால் ராத்திரியே பஸ் ஏறணும். முதல் சுற்றையாவது வீடியோவில் வைத்தால் என்ன?