யார் கூறியது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைத்தெருவில் ஒரு கடை எரிந்து கரியாயிற்று. மறுநாள் நாளிதழில் "தீப்பிடித்ததாகக் கூறப்படுகிறது" என்று போட்டிருந்தார்கள். கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "என்ன நயினாரே, எரிஞ்சதுலகூடவா சந்தேகம்?"

எச்சரிக்கையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். 1994இல் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கைதானபோது பல ஏடுகள் அவரை உளவாளியென்றே எழுதித் தள்ளின. 1996இல் சி.பி.ஐ. குற்றச்சாட்டு பொய்யென்றது, 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அங்கே வேண்டியிருந்த எச்சரிக்கை, இங்கே வீணாகிறது.

நடந்தது வேறு, செய்தவர் யார் என்பது வேறு. முன்னதைத் துணிந்து எழுதலாம். பின்னதில்தான் நாவடக்கம் வேண்டும். அப்போதும் "கூறப்படுகிறது" போதாது. கூறியவர் போலீசா, பக்கத்து வீட்டுக்காரரா? அவதூறுச் சட்டத்திலும் இச்சொல் கவசமாகாது: பிறர் சொன்னதை அச்சிட்டாலும் பொறுப்பு அச்சிட்டவருக்கும் உண்டு.

நன்னூல் செய்த பவணந்தியார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' என ஒன்றைச் சொன்னார். செய்திக்கும் அது பொருந்தும். வெளிமாநிலத்தில் நாளிதழை வைத்துத்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். அந்தச் சொல் வருமிடத்தில் கோடிட்டு, "யார் கூறியது?" என்று கேட்கவும் பழக்குவோமே!