கூத்துமாடமும் மேடையும்: பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் இடமும் கம்பன் பாடலும்

கட்டடத்தையும் வெளியையும் கலையின் பொருளாகக் கொள்ளும் போக்கு இன்றைய கலைத்திறனாய்வில் மிகுதியாகப் பேசப்படுகிறது. 2012இல் கொச்சி-முசிரிஸ் பினாலே தொடங்கியபோது ஆஸ்பின்வால் மாளிகை போன்ற பழைய வணிகக் கட்டடங்களே காட்சிக்கூடங்களாயின. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூல், தோம்பு என்னும் நில ஆவணப் பெயரைத் தாங்கி, இடம்பெயர்ந்தோர் தம் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களைத் தொகுத்துத் தந்தது. ஒரு கலைவடிவம் நிகழும் கட்டடம் அதன் பொருளை எவ்வளவு தீர்மானிக்கிறது என்னும் வினாவை இம்முயற்சிகள் எழுப்புகின்றன. இவ்வினாவுக்குத் தமிழ் ஆய்வாளர்க்கு மிக அணுக்கமான சான்று பாலக்காட்டுப் பகுதியில் பன்னெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறது. அதுவே கூத்துமாடம்.

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களைச் சார்ந்த பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நிகழ்கிறது. அதன் பாடல்கள் கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டவை; ஆடற்பற்று எனப்படும் சுவடிகளின் வழியாகவும் வாய்மொழியாகவும் புலவர் மரபினரிடையே பயின்று வருபவை. மலையாளம் வழங்கும் நிலத்தில் தமிழ்ப்பாடல் இரவுதோறும் பாடப்பட்டு உரை சொல்லப்படுகிறது என்பதை நம் இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. பாடபேதம் தேடுவோர்கூட இப்பக்கம் மிகுதியாகத் திரும்பவில்லை.

தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தர்கள் ஊர்ஊராகச் சென்று கொட்டகை அமைத்து ஆடியவர்கள். பாலக்காட்டு மரபுக்கோ நிலையான கட்டடம் உண்டு. கோயிலின் புறத்தே, அம்மனின் திருமுன்னை நோக்கி எழுப்பப்பட்ட நீண்ட ஓட்டுக்கூரைக் கட்டடம் அது. ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள திரையின் மேற்பகுதி வெண்ணிறம், கீழ்ப்பகுதி கருநிறம். கீழுள்ள கருமை பாதாளத்தைக் குறிக்கும் என்பர். திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் வரிசையாக எரியும். அவற்றை ஏற்றும் சுடர் கோயிலிலிருந்தே கொண்டுவரப்படுகிறது. இயங்காத பாவைகள் முட்களால் திரையில் பொருத்தப்படுகின்றன. கூத்து 7 இரவுகளிலிருந்து 71 இரவுகள் வரை, கோயிலின் வழக்கத்திற்கேற்ப நடைபெறும்.

இக்கட்டடத்தின் திசையமைப்புக்கு ஒரு கதை காரணமாகச் சொல்லப்படுகிறது. பத்திரகாளி தாரிகனோடு பொருதுகொண்டிருந்த வேளையில் இராம இராவணப் போர் நிகழ்ந்துவிட்டதால் அவளால் அதைக் காண இயலவில்லை. அக்குறை தீரவே கூத்து ஆடப்படுகிறது என்பர். எனவே அவையின் முதல் இருக்கை அம்மனுக்குரியது. ஊரார் வரலாம், வராமலும் இருக்கலாம். பெரும்பாலான இரவுகளில் நள்ளிரவுக்குப்பின் திரைமுன் ஒருவரும் இருப்பதில்லை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட ஆய்வுநூலில் இவ்வெறுமையையே மையமாக எடுத்துக்கொண்டார். வெளியே அவையினர் இல்லாத நிலையில் கூத்தர்கள் மாடத்தின் உள்ளே ஒருவர்க்கொருவர் அவையினராகின்றனர் என்பது அவர்தம் விளக்கத்தின் சாரம். ஒருவர் பாடலைப் பாட, மற்றவர் வினாத்தொடுக்க, இலக்கணமும் சோதிடமும் கிளைக்கதையும் உரையாடலில் புகுந்து வளரும் முறைக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. ஆயினும் இதனோடு கட்டடத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். சலிப்புற்று எழுந்துபோகும் அவையை முன்வைத்து ஆடுபவர் பாடலைச் சுருக்குவர். எழுந்துபோகாத அம்மனை முன்வைத்து ஆடுபவர்க்குச் சுருக்க வேண்டிய தேவை இல்லை. நீண்ட உரையையும் அருஞ்சொல் விளக்கத்தையும் காத்தது புலவர்தம் நினைவாற்றல் மட்டுமன்று, மாடம் நோக்கும் திசையுமாகும் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூனத்தறையைச் சார்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுசென்றார். அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவர் அதனை நகர அரங்குகளுக்கும் அயல்நாடுகளுக்கும் விரிவாக்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல இரவுகளின் கதை மேடையில் ஏறத்தாழ ஒரு மணிநேரமாகிறது. திரை சிறுக்கிறது. காந்தியடிகள் வரலாறு முதலான புதிய பொருள்கள் வருகின்றன. பாவைகளை எந்திரத்தால் இயக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

இம்மாற்றத்தைச் சிதைவு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது முறையன்று. ஆடவர் மட்டுமே ஆடிவந்த இக்கலையில் இராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா மகளிர் குழுவோடு பெண் பாவைக்கூத்தை நிகழ்த்தியமைக்கு இடமளித்தது மேடையே. புலவர் குடும்பங்களுக்கு வருவாய் தருவதும் பெரிதும் அதுவே. வருவாய் குறைந்த மாடத்தில் மட்டுமே கலை தூய்மையாக நிற்கவேண்டும் என்று வெளியிலிருந்து கேட்பவர்கள் அவ்விரவுகளில் ஒன்றிலேனும் விடியும்வரை அமர்ந்திருந்தார்களா என்று திருப்பிக் கேட்கலாம்.

எனினும் ஓர் இழப்பை மறைப்பதற்கில்லை. மேடையில் முதலில் உதிர்வது பாவையன்று, பாடல். உருவம் மொழியறியாதார்க்கும் புரியும்; தமிழ்ப்பாடலுக்கு உரை வேண்டும், உரைக்குப் பொழுது வேண்டும். நகர அரங்கில் இல்லாதது அப்பொழுதே. பாடல் குறைந்து உருவம் மிகும்போது, கம்பனை விளக்கும் மரபாக இருந்தது இராமகதையைக் காட்டும் மரபாக மாறுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை விழாக்களில் கைதட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆவணப்படுத்துவோர் படக்கருவியைத் திரைக்கு முன்னே நிறுத்துவது வழக்கம். அதில் நிழல் பதிவாகும். ஆனால் வினாவும் விடையும் நிகழ்வதும், இளையவர் மூத்தவரிடம் பாடல் கற்பதும், பிழை திருத்தப்படுவதும் திரைக்குப் பின்னே, விளக்குவரிசையின் வெப்பத்தில். தமிழ்த்துறைகள் மேற்கொள்ளும் பதிவு அங்கிருந்து தொடங்குதல் வேண்டும். பாடல்களை அச்சுப்பதிப்புகளோடு ஒப்பிடும் பணியும், ஒவ்வொரு மாடத்தின் நீளம், உயரம், திசை, திருமுன்னிலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றை அளந்து வரைபடமாக்கும் பணியும் ஒரே ஆய்வுக்குழுவிடம் ஒப்படைக்கப்படுதல் நன்று. எத்தனை இரவுகள் ஆடும் மாடத்தில் எத்தனை பாடல்கள் எஞ்சியுள்ளன என்பதை அப்போதுதான் இடத்தோடு பொருத்திக் காண இயலும்.